கருப்பட்டி ஊர் உடன்குடி

சென்னையிலும் கோயம்புத்தூரிலும், ஏன் நெடுஞ்சாலை ஓரங்களிலும் கூட, "கருப்பட்டிக் காப்பி" என்று பலகை வைத்த கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல கடைகள் "உடன்குடி கருப்பட்டி" என்று ஊர்ப் பெயரையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கின்றன. அந்தக் காப்பியைக் குடிப்பவர்களிடம் உடன்குடி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். ஊரை விட ஊரின் பெயர் அதிக தூரம் போயிருக்கிறது. பெயர் இவ்வளவு தூரம் போன ஊரில் இப்போது என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அமைவிடம்

தூத்துக்குடி மாவட்டம், திருச்செந்தூர் வட்டத்தில் உள்ள பேரூராட்சி உடன்குடி. திருச்செந்தூரில் இருந்து தெற்கே கடற்கரையை ஒட்டிப் போகும் சாலையில் குலசேகரன்பட்டினம் வரும். அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஐந்தாறு கிலோமீட்டரில் உடன்குடி. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வாழும் ஊர். அக்கம்பக்கத்தில் பேச்சில் இதை "உடங்குடி" என்றுதான் சொல்வார்கள்.

1986 அக்டோபர் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு சிதம்பரனார் மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது (அதுதான் பின்னாளில் தூத்துக்குடி மாவட்டம்) உடன்குடியும் அதனுடன் போனது. மாவட்டம் மாறினாலும் ஊர்க்காரர்களின் பேச்சும் சாப்பாடும் உறவும் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவைதான். ஆனால் நெல்லைச் சீமை என்றதும் நினைவுக்கு வரும் வயலும் வாழையும் வாய்க்காலும் இங்கே கிடையாது. தாமிரபரணியின் பச்சை ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர், ஏரல் பக்கம் முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே தொடங்குவது வேறு உலகம்.

அந்த உலகத்துக்குப் பெயர் தேரி. செக்கச் சிவந்த மணல் மேடுகள். குதிரைமொழித் தேரி உடன்குடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கால் வைத்தால் புதையும். காற்று அடித்தால் மேடு இடம் மாறும். மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். இந்த மணலில் மனிதன் கேட்டதை எல்லாம் கொடுக்கும் மரம் ஒன்றே ஒன்றுதான். அது பனை.

சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே நிலத்தின் கதை தெரிந்துவிடும். பண்டாரஞ்செட்டிவிளை, தண்டுபத்து, செட்டியாபத்து, கொட்டங்காடு, தேரியூர். விளை என்றால் பனையும் தோட்டமும் உள்ள மேட்டுநிலம். நஞ்சை நிலத்து ஊர்களைப் போல மங்கலம், நல்லூர் என்று முடியும் பெயர்கள் இந்தப் பக்கம் குறைவு.

கருப்பட்டி எப்படி வருகிறது?

கருப்பட்டியைக் கடையில் வாங்குபவர்களுக்கு அது ஒரு இனிப்புப் பொருள். உடன்குடிப் பக்கத்தில் அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத வாழ்க்கை.

மாசி, பங்குனியில் பனை பாளை விடும். பனையேறி விடிவதற்கு முன்பே மரத்தடிக்கு வந்துவிடுவார். முறுக்குத்தடியை மரத்தில் சாய்த்து, காலில் திளாப்பு மாட்டி, இடுப்பில் பாளை அரிவாளும் கலயமும் வைத்த பெட்டியுடன் ஏறுவார். மேலே போய்ப் பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவ வேண்டும். கொஞ்சம் அதிகம் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். குறைவாகச் சீவினால் பதநீர் வராது. ஒரு நாள் ஏறாமல் விட்டால் பாளை காய்ந்துவிடும். அதனால் காய்ச்சல் என்றாலும் கல்யாணம் என்றாலும் ஏறியே ஆக வேண்டும். காலையில் ஏறிய மரங்களில் மாலையிலும் ஏற வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மரம் அல்ல, சில பத்து மரங்கள்.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் சொட்டுவது பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள் ஆகிவிடும். இனிப்புக்கும் போதைக்கும் நடுவே இருப்பது அந்தச் சுண்ணாம்புப் பூச்சு மட்டுமே.

இறக்கிய பதநீர் விடிலிக்குப் போகும். விடிலி என்பது பனங்காட்டுக்குள்ளேயே ஓலையால் கட்டிய குடிசை. இங்கே வேலை பெண்களுடையது. பெரிய பாத்திரத்தில் பதநீரை ஊற்றி, உடைமுள்ளும் காய்ந்த பனை மட்டையும் வைத்து எரித்து, மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவது பழைய வழக்கம். பதநீர் வற்றிக் கூப்பனி ஆகும். கூப்பனி இன்னும் இறுகி, கரண்டியில் எடுத்தால் கம்பியாக விழும் நேரத்தில், சிரட்டையில் ஊற்றி ஆற வைப்பார்கள். ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் பாதித் தேங்காய் வடிவத்தில் கருப்பட்டி. சுக்கும் ஏலக்காயும் சேர்த்துச் சின்னதாக ஊற்றினால் அது சில்லுக்கருப்பட்டி.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். எட்டு லிட்டர் தண்ணீரைக் குடத்தில் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். அதைப் பல மரங்களின் உச்சியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அடுப்பின் முன்னே பாதி நாள் வேக வேண்டும். இவ்வளவும் ஒரு கிலோவுக்கு.

ஆவணி வரை இந்த வேலை. அதன் பிறகு பனம்பழம், கொட்டை புதைத்தல், தை மாதம் பொங்கலுக்குப் பனங்கிழங்கு. மீதி நாட்களில் ஓலைப்பெட்டி, கடகம், நார்க்கட்டில். மரத்தின் எந்தப் பகுதியும் வீணாவதில்லை. 1978-ல் பனையைத் தமிழ்நாட்டின் மாநில மரமாக அரசு அறிவித்தது. தேரிக்காட்டு மக்கள் அதை அதற்கு வெகுகாலம் முன்பே அறிவித்துவிட்டார்கள்.

வரலாறு

உடன்குடியின் வரலாற்றைத் தனியாகச் சொல்ல முடியாது. கடற்கரையில் இருக்கும் குலசேகரன்பட்டினத்தோடும் மணப்பாட்டோடும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பாண்டிய மன்னனின் பெயரைத் தாங்கி நிற்கும் குலசை பழைய துறைமுகம். மணப்பாட்டுக்கு 1542-ல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவர் தங்கிய கடற்கரைக் குகையை இன்றும் காட்டுகிறார்கள். அங்குள்ள திருச்சிலுவை ஆலயம் 1581-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

உள்நாட்டில் பனங்காட்டு மக்களிடம் சீர்திருத்தக் கிறிஸ்தவம் பரவியது பின்னால். 1799-ல் முதலூர் உருவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் தாமஸ் என்ற மிஷனரி மெய்ஞ்ஞானபுரத்தில் கட்டிய பேராலயத்தின் கோபுரம், பனைமரங்களுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. உடன்குடியை ஒட்டிய கிறிஸ்தியாநகரமும் அப்படி உருவான ஊர்தான். கோயிலோடு சேர்ந்து வந்தது பள்ளிக்கூடம். இந்தக் கட்டுரையில் பின்னால் வரப்போகும் மாற்றங்களுக்கு எல்லாம் விதை அந்தப் பள்ளிக்கூடம்தான்.

கருப்பட்டிக்காக இந்த ஊருக்கு ஒரு காலத்தில் ரயிலே வந்தது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். பாரி நிறுவனத்தாரின் சர்க்கரை ஆலை குலசேகரன்பட்டினத்தில் இருந்தது. இங்கே கரும்பு கிடையாது. கருப்பட்டியில் இருந்துதான் வெள்ளைச் சர்க்கரை எடுத்தார்கள். அதற்காகத் திசையன்விளையில் இருந்து உடன்குடி வழியாகக் குலசேகரன்பட்டினத்துக்கு ஒரு சிறிய ரயில்பாதை போட்டார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் ஓடத் தொடங்கிய அந்த ரயில், ஆலையின் தொழில் நொடித்த பின் 1940-வாக்கில் நின்று போனது. தண்டவாளமும் போய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அன்று கருப்பட்டியைச் சர்க்கரையாக மாற்ற முயன்றார்கள். இன்று சர்க்கரையைக் கருப்பட்டியாக மாற்றுகிறார்கள். அது பற்றிப் பிறகு.

1942 ஆகஸ்ட் புரட்சியிலும் இந்தப் பகுதிக்கு இடம் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பரில் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் நடந்த மோதலில் லோன் என்ற ஆங்கில அதிகாரி கொல்லப்பட்டார். அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அவர்கள் தூக்கில் இருந்து தப்பி விடுதலையும் ஆனார்கள்.

ஊரும் வீடுகளும்

உடன்குடியில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். பஜாரில் நின்றால் பாங்கும் கோயில் மணியும் ஆலய மணியும் ஒரே நாளில் கேட்கலாம். தசரா வந்துவிட்டால் குலசை முத்தாரம்மன் கோயிலுக்கு மாலை போட்டு, காளி, குறவன், குரங்கு என்று வேஷம் கட்டிக் காணிக்கை கேட்டு வரும் கூட்டத்தால் உடன்குடிச் சாலைகள் நிரம்பிவிடும். சூரசம்காரத்து இரவில் லட்சக்கணக்கில் ஆட்கள் குலசைக் கடற்கரைக்குப் போகும் பாதைகளில் உடன்குடிச் சாலையும் ஒன்று.

வீடுகளைக் கவனித்தால் மூன்று தலைமுறைகளைப் பார்க்கலாம். முதல் தலைமுறை ஓலை வீடு. கூரை பனையோலை, உத்தரம் பனைமரம், வேலி பனைமட்டை. வீடு முழுவதுமே அந்த ஒரே மரம்தான். இரண்டாவது ஓட்டு வீடு. மேலே ஓடு வந்தாலும் அதைத் தாங்கும் கைமரம் பனைதான். நன்றாக முற்றிய பனங்கை இரும்பு மாதிரி இருக்கும், கரையான் அண்டாது. வசதியானவர்கள் சுண்ணாம்புக் காரையில் கருப்பட்டித் தண்ணீரைக் கலந்து சுவர் பூசினார்கள். அடுக்களைக்கு மேலே பரணில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி இருக்கும். அடுப்புப் புகை பட்டு ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மருந்துக்கும், வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களிக்கும் அந்தப் பழைய கருப்பட்டியைத்தான் எடுப்பார்கள்.

மூன்றாவது தலைமுறை காங்கிரீட் வீடு. கிரானைட் தளம், இரும்பு கேட், மாடியில் தண்ணீர்த் தொட்டி. இவற்றில் பல வீடுகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். அல்லது வயதானவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். சொந்தக்காரர்கள் சென்னையில் மளிகைக்கடை வைத்திருப்பார்கள், அல்லது வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பார்கள். சென்னையில் "அண்ணாச்சி கடை" என்று சொல்லும் கடைகளின் வேர் இந்த மாதிரி ஊர்களில்தான் இருக்கிறது. அங்கே அதிகாலை நாலு மணிக்குக் கடை திறந்து சேர்த்த பணம் இங்கே வீடாக நிற்கிறது. கோயில் கொடைக்கும், தசராவுக்கும், பெருநாளுக்கும், கிறிஸ்துமஸுக்கும் அந்த வீடுகளில் விளக்கு எரியும்.

ஓலை வீட்டில் இருந்து காங்கிரீட் வீட்டுக்கு வந்தது முன்னேற்றம்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் காங்கிரீட் வீட்டில் பனையின் ஒரு துண்டு கூட இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

தண்ணீர்

இந்த ஊரின் பெரிய கவலை எப்போதும் தண்ணீர்தான். தாமிரபரணியில் மருதூர் அணைக்கட்டு மேலக்காலின் வழியே வரும் வெள்ளநீர், சடையநேரி கால்வாய் மூலம் சாத்தான்குளம், உடன்குடிப் பகுதிக் குளங்களுக்கு வருகிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் கால்வாயில் தண்ணீர். அதை நிரந்தரப் பாசனக் கால்வாயாக அறிவிக்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குளம் நிறையாத ஆண்டுகளில் கிணறும் போர்வெல்லும் உப்பாகிறது. நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்துக்குக் கடல்நீர் நகர்ந்து வருகிறது. முருங்கையும் தென்னையும் வைத்தவர்கள் அதனால் அடிபட்டார்கள்.

தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009-ல் தொடங்கி, இழுத்து இழுத்து, 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 75 கிலோமீட்டர் நீளக் கால்வாய். ஆற்றின் உபரி வெள்ளத்தைச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலத்துக்குக் கொண்டு வருவது நோக்கம். கடலுக்குப் போகும் தண்ணீர் கொஞ்சமாவது தேரி மணலில் இறங்கினால் இந்தக் கடற்கரைப் பகுதிக்கே நல்லது.

ஆனால் தண்ணீர் எப்போதும் கேட்ட அளவில் வருவதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆண்டுக்கு வர வேண்டிய மழையை விட அதிகம். குளங்கள் உடைந்து, சாலைகள் அறுந்து, திருச்செந்தூர் வட்டாரமே தீவானது. ஒரு வருடம் குடத்தை வரிசையில் வைப்பது, மறு வருடம் வெள்ளத்தில் பாத்திரத்தைத் தேடுவது. இதுதான் நிலைமை.

மற்ற வசதிகள்

பேரூராட்சி அலுவலகம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், பஸ் நிலையம், வங்கிகள், பஜார் என்று ஒரு சிறு நகரத்துக்கு வேண்டியவை உடன்குடியில் இருக்கின்றன. சுற்றியுள்ள கிராமத்தாருக்கு இதுதான் டவுன். குடிநீர் கூட்டுக்குடிநீர்த் திட்டக் குழாயில் தாமிரபரணியில் இருந்து வருகிறது. பள்ளிகளுக்குக் குறைவில்லை. பெரிய வைத்தியம் என்றால் திருச்செந்தூர், தூத்துக்குடி, திருநெல்வேலி என்று ஓட வேண்டும்.

ரயில் பிடிக்கத் திருச்செந்தூர் போக வேண்டும். திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதை 1923-ல் வந்தது. அங்கேயே முடிந்தும் போனது. திருச்செந்தூரில் இருந்து உடன்குடி, திசையன்விளை வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. நூறு வருடத்துக்கு முன் ரயில் ஓடிய ஊர் இன்று ரயிலுக்கு மனுப் போடுகிறது!

பனையேறுவது யார்?

இனி விஷயத்துக்கு வருவோம். பனையேறிகள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியதே அவர்கள் பனையேறக் கூடாது என்பதற்காகத்தான். தவறி விழுந்து இறந்தவர்களும், இடுப்பு முறிந்து கட்டிலில் கிடந்தவர்களும் இல்லாத பனங்காட்டு ஊர் கிடையாது. நெஞ்சும் உள்ளங்காலும் காய்த்துப்போன தகப்பன் "என்னோடு இது போகட்டும்" என்று நினைத்ததில் தவறே இல்லை. தொழிலோடு ஒட்டிவந்த சாதி இழிவும் ஒரு காரணம். பிள்ளைகள் படித்தார்கள், கடை வைத்தார்கள், வெளிநாடு போனார்கள். அந்தக் கனவு நிறைவேறியது. நிறைவேறியதன் அடையாளம்தான் அந்தப் பூட்டிய காங்கிரீட் வீடுகள்.

அதே நேரத்தில் ஊருக்கு வெளியே கருப்பட்டிக்கு மதிப்பு கூடியது. சர்க்கரை வேண்டாம் என்ற காலம் வந்தது. ஏற ஆள் குறைந்த நேரத்தில் வாங்க ஆள் பெருகினால் என்ன ஆகும்? கலப்படம் வரும். சீனியைக் கரைத்து, கொஞ்சம் கருப்பட்டி அல்லது கூப்பனி சேர்த்துக் காய்ச்சி, அதே சிரட்டையில் ஊற்றி, அதே பெயரில் விற்கிறார்கள். நல்ல கருப்பட்டியின் விலை சீனியைப் போலப் பல மடங்கு. அதனால் லாபம் கொள்ளை. உடைத்துப் பார்த்தால் உள்ளே மங்கலாக இருப்பது நல்லது, பளபளவென்று மின்னினால் சீனி என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் காப்பியில் கரைந்துவிட்டால் யாரால் உடைத்துப் பார்க்க முடியும்?

இதில் நஷ்டம் யாருக்கு? பனை ஏறி விழுந்தவனைக் கடா ஏறி மிதித்தது போல, உயிரைப் பணயம் வைத்து இறக்கியவரின் சரக்கு, சீனிக் கருப்பட்டியோடு விலையில் போட்டி போட வேண்டியிருக்கிறது. விடிலியில் நின்று புகையைக் குடித்த பெண்ணுக்கு அன்றாடக் கூலி கூடக் கட்டுவதில்லை.

2023-ல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தேரி மண்ணும், வறண்ட காற்றும், பழைய முறையில் காய்ச்சுவதும் இந்தக் கருப்பட்டிக்குத் தனி இயல்பைத் தருகின்றன என்பதற்கு அது சட்டப்படியான அங்கீகாரம். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் குறியீடு பெயரைத்தான் காப்பாற்றும். மரத்தில் ஏறாது. 2021-ல் அரசு பனைமரத்தை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்ததும் இப்படித்தான். மரத்துக்குப் பாதுகாப்பு வந்தது. ஏறுகிறவருக்கு?

அனல்மின் நிலையமும் ராக்கெட்டும்

இப்போது உடன்குடி என்றால் கருப்பட்டி மட்டும் இல்லை. கல்லாமொழிக் கடற்கரையில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம் உடன்குடியின் பெயரில்தான் வந்திருக்கிறது. 2008-ல் கூட்டு நிறுவனமாகத் தொடங்கி, அது கைவிடப்பட்டு, கடைசியில் 2017 டிசம்பரில் கட்டுமான வேலை பெல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட திட்டம் அது. நிலக்கரிக் கப்பலுக்காகக் கடலுக்குள் பல கிலோமீட்டர் நீளும் பாலத்தால் தங்கள் தொழில் கெடும் என்று மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

2024 பிப்ரவரி 28-ல் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். இங்கிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றிப் போக வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம் என்பது காரணம். அதற்காக இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்பட்டது. பனையும் உடையும் நின்ற நிலம்தான் அது.

இவை வேண்டாம் என்று ஊரில் எல்லோரும் சொல்லவில்லை. வேலை வரும், சாலை வரும், ரயிலும் வரலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கை நியாயமானது. ஆனால் பாரி கம்பெனியின் ரயிலும் இந்த ஊருக்கு ஒரு நாள் அப்படித்தான் வந்தது. வந்தது போலவே போயும்விட்டது. அதற்கு முன்னும் இருந்தது பனை. பின்னும் இருந்தது பனை.

என்ன செய்யலாம்? பனையேறும் பழைய வாழ்க்கைக்கு யாரையும் திரும்பப் போகச் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. ஆனால் ஏறுகிற சிலருக்காவது அது கௌரவமான, பாதுகாப்பான, நல்ல வருமானமுள்ள தொழிலாக வேண்டும். விழுந்தால் குடும்பம் நடுத்தெருவுக்கு வராத அளவுக்குக் காப்பீடு வேண்டும். பதநீர் கொள்முதலுக்கு நியாய விலை வேண்டும். புவிசார் குறியீடு ஒட்டிய கருப்பட்டியைப் பரிசோதித்து, சீனி கலந்தவரைத் தண்டிக்க வேண்டும். கூடவே, நகரத்தில் காப்பி குடிப்பவர்களும் விலை குறைவான உடன்குடிக் கருப்பட்டியைக் கண்டால் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

பனை வளர்ந்து பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். இன்று ஒருவர் தேரியில் ஒரு பனங்கொட்டையைப் புதைத்தால் அந்த மரம் ஏறத் தயாராகும்போது, இன்று பிறந்த குழந்தை பத்தாம் வகுப்பை நெருங்கியிருக்கும். அந்தப் பிள்ளை பனையேற வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் அதுவே விரும்பி ஏற வந்தால், "உனக்கு எதுக்குல இந்த வேலை" என்று ஊர் கேட்காத நாளில்தான் உடன்குடிக் கருப்பட்டி பிழைக்கும்.